காய்ச்சல் இறங்கிய பிறகு குழந்தை எப்படி இருக்கிறாள்?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது, எடை 10 கிலோ. சளி, இருமல் எதுவும் இல்லாமல் மூன்று நாட்களாக 102, 103 டிகிரி காய்ச்சல் அடிக்கிறது. பாராசிட்டமால் கொடுத்தால் இறங்கி, மறுபடியும் ஏறுகிறது. கடுமையான தொற்றாக இருக்குமோ? போன முறை மீதமான ஆன்டிபயாட்டிக் சிரப்பைக் கொடுக்கலாமா?

மருத்துவர் பதில்: மீதமான சிரப்பைக் கொடுக்க வேண்டாம், இன்றே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். சளியோ இருமலோ இல்லாமல் மூன்று நாட்கள் காய்ச்சல் நீடிக்கும் பெண் குழந்தையிடம் நான் முதலில் சந்தேகிப்பது சிறுநீர்த் தொற்றைத்தான். சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுப்பதற்கு முன்பே இரண்டு வேளை ஆன்டிபயாட்டிக் உள்ளே போய்விட்டால், கிருமி எது என்று தெரியாமலே போய்விடும். அரைகுறையாக அடங்கிய தொற்று சிறுநீரகத்தைப் பாதிக்கவும் இடமுண்டு.

பிறந்து மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் மகளின் வயதில் 103 டிகிரி சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் வரும். பாராசிட்டமாலுக்கு இறங்கிவிட்டது என்பதால் மட்டும் கவலையில்லை என்று முடிவு கட்டவும் முடியாது. சூடு தணிந்த அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் எப்படி இருக்கிறாள் என்பதைக் கவனியுங்கள். அப்போதும் முகம் பார்த்துச் சிரிக்காமல், பொம்மையைத் தொடாமல் துவண்டு கிடந்தால், தெர்மாமீட்டர் 99 காட்டினாலும் நான் பயப்படுவேன்.

அவள் அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, விலா எலும்புகளுக்குக் கீழே சதை உள்வாங்கினாலோ நுரையீரல் தொற்றாக இருக்கலாம். பிறகு விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள்; வெளுத்த இடம் மூன்று விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பாவிட்டால், கைகால்களும் சில்லிட்டிருந்தால், இரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள். அதோடு, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல், வலிப்பு, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதிருத்தல், அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் நள்ளிரவு என்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். தொற்று இரத்தத்தில் பரவி அதிர்ச்சி நிலைக்குப் போன குழந்தைக்கு, கல்ச்சருக்கு இரத்தம் எடுத்ததும் முடிவுக்குக் காத்திராமல், ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக் ஏற்றுவோம். ஆக்சிஜனும், எடைக்கு ஏற்ப அளந்த சலைனும் தருவோம்.

டெங்குவிலோ ஆபத்து, காய்ச்சல் விட்ட பிறகே தொடங்கும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் கலந்த சிரப்புகள் வேண்டாம். இரத்தக் கசிவுக்கு வழிவிடும். பாராசிட்டமால் மட்டும் போதும். 10 கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். பாட்டிலில் 5 மில்லிக்கு 125 என்றிருந்தால் 6 மில்லி, 250 என்றிருந்தால் 3 மில்லி. கூடவே வரும் அளவு மூடியிலேயே அளந்து கொடுங்கள். வீட்டு ஸ்பூன்கள் ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதில்லை.