பெட்டிச் சாப்பாடும் டோக்கியோ வாழ்க்கையும்: வாசகர் கேள்விகள்

ஜப்பான் நகரங்களில் மக்கள் அன்றாடம் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: என் மகள் வேலைக்காக டோக்கியோ போயிருக்கிறாள். வீடியோ காலில் எப்போது பார்த்தாலும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். நன்றாகச் சமைக்கத் தெரிந்த பெண். தினமும் கடைச் சாப்பாடு என்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?
(திருச்சி வாசகி)

பதில்: உங்கள் கவலை நியாயமானது, ஆனால் அவள் சோம்பலில் இதைச் செய்யவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் தனியாக இருப்பவர்களுக்குக் கிடைக்கும் ஒற்றை அறை வீடுகளில் சமையலறை என்று தனியாக ஒன்று இருக்காது, வாசல் கதவைத் திறந்ததும் உள்ளே நுழையும் நடையிலேயே ஒரு அடுப்பும் ஒரு சின்னத் தொட்டியும் இருக்கும், காய் நறுக்கப் பலகை வைக்கக்கூட இடம் இருக்காது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜப்பான் குடும்பங்களில் 38 சதவீதம் ஒரே ஆள் வாழும் வீடுகள், டோக்கியோவில் மொத்தக் குடும்பங்களில் பாதி அப்படித்தான். ஒரு ஆளுக்காக மீன் வாங்கி, காய் வாங்கி, மிச்சத்தைத் தூக்கிப் போடுவதைவிடச் சமைத்ததை வாங்குவதுதான் பல நாள் மலிவாக முடிகிறது. வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகும் வழியில் பெட்டியை வாங்கிப்போய் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே மாணவர், அலுவலர், தாத்தா பாட்டி எல்லோரும் செய்கிற காரியம், அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

கடைச் சாப்பாடு என்றாலே மட்டம் என்று நமக்கு ஒரு எண்ணம் உண்டு. அதை அங்கே அப்படியே பொருத்த முடியாது. கொன்பினி என்று அவர்கள் சொல்லும் 24 மணி நேரக் கடைகள் நாடு முழுவதும் சுமார் 55,000 இருக்கின்றன. செவன் இலெவன் தன் முதல் கடையை 1974-ல் டோக்கியோவின் டொயோசு பகுதியில் திறந்தது, அதிலிருந்து இன்றுவரை அவர்கள் கையாளும் வழி, ஒரே வட்டாரத்தில் நெருக்கமாகக் கடைகளைப் போட்டு, பக்கத்திலேயே உணவுத் தொழிற்சாலை வைத்து, ஒரே வண்டி வரிசையாக எல்லாக் கடைக்கும் சரக்கு இறக்குவது. சோற்றுப் பெட்டிகள் நாளுக்கு மூன்று முறை போல வந்து சேரும். பெட்டி மேல் ஒட்டிய சீட்டில் தேதி மட்டும் இல்லை, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்றும் அச்சடித்திருக்கும், அந்த நேரம் தாண்டிய பெட்டியைக் கல்லாவில் வைத்தால் இயந்திரமே விற்க விடாது. ராத்திரி பதினொரு மணிக்கு நம்பி வாங்கிச் சாப்பிட முடிகிறது என்றால் இந்தக் கட்டுப்பாடுதான் காரணம்.

நீங்கள் பயப்பட வேண்டியது உப்புக்கு. ஜப்பான் சுகாதார அமைச்சகம் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 6.5 கிராமுக்கும் ஆண்களுக்கு 7.5 கிராமுக்கும் கீழே உப்பு இருக்கட்டும் என்கிறது, ஒரு கப் நூடுல்ஸைச் சாறோடு குடித்தாலே 5 கிராமுக்குப் பக்கம் போய்விடும். பெட்டியின் பின்பக்கச் சீட்டில் உப்பு அளவு கிராமில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அப்புறம், அங்கே நிறையப் பேர் செய்யும் ஒரு வழி உண்டு: வீட்டில் ஒரு சின்ன ரைஸ் குக்கர் வைத்துச் சோறு மட்டும் வடித்துக்கொண்டு, கீரை எள்ளுப் பிரட்டல், கடற்பாசிப் பொரியல், டோஃபு (சோயாப் பால் கட்டி) என்று கூட்டு, பொரியல் வகைகளை மட்டும் கடையில் வாங்குவது. பாதிச் சமையல் தன் கையில் இருக்கும், காசும் மிச்சம். சோறு வைக்கத் தெரிந்த பெண்ணுக்கு இது ஒரு சிரமமே இல்லை, இந்த வாரமே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆறிப்போன சோற்றை அப்படியே சாப்பிடுகிறார்களாமே, எப்படித் தொண்டையில் இறங்குகிறது?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: அந்த அரிசியே வேறு. அவர்களுடைய குட்டை அரிசியில் அமைலோஸ் என்ற மாவுப்பொருள் பொன்னியைவிடக் குறைவு, அதனால் ஆறினாலும் விறைத்துப் போகாமல் மிருதுவாகவே இருக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் மட்டும் அதுவும் கல்லாகிவிடும், ஏனென்றால் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் வெந்த மாவு வேகமாகத் திரும்ப இறுகுகிறது. அதனால்தான் பெரிய கொன்பினிகளில் சோற்றுப் பெட்டிகளுக்கும் ஒனிகிரி என்ற சோற்று உருண்டைகளுக்கும் 20 டிகிரி போல வெப்பம் வைத்த தனி அலமாரி, சாலட்டுக்கும் பால் பொருளுக்கும் 5 டிகிரி அலமாரி. வண்டிகளையும் அப்படியே பிரித்து அனுப்புகிறார்கள். ஒரு கைப்பிடிச் சோற்று உருண்டைக்காக இவ்வளவு மெனக்கெடுகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது.

ஆறிய சாப்பாட்டுக்கு நீண்ட பழக்கமும் உண்டு. எடோ காலத்து (1603 முதல் 1868 வரை) நாடகக் கொட்டகைகளில் இடைவேளையில் சாப்பிட்ட மகுனோஉச்சி பெட்டிதான் இன்றைக்கும் விற்கிறது: கறுப்பு எள் தூவிய சின்னச் சோற்றுக் கட்டிகள், சுட்ட மீன் துண்டு, முட்டைச் சுருள், வேகவைத்த காய், ஊறுகாய். ஆறினால் நாக்குக்கு ருசி மந்தமாகத் தெரியும் என்பதால் எல்லாவற்றிலும் உப்பும் இனிப்பும் ஒரு பிடி தூக்கலாகவே போடுவார்கள். திருச்சி அம்மாவுக்கு உப்பைப் பற்றிச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூடாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு, கேட்ட பிறகு பொரித்துக் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டுப் பெட்டிக் கடைகள் தனியாக இருக்கின்றன. ஹொக்கா ஹொக்கா தெய் என்ற நிறுவனம் 1976-ல் சைதாமா மாவட்டத்தின் சோகா நகரில் இதைத் தொடங்கியது. அங்கே விலை குறைந்தது நோரி பெட்டி: சூடான சோற்றின் மேல் ஒரு கடற்பாசித் தாளைப் போர்த்தி, அதன் மேல் பொரித்த வெள்ளை மீனும் மீன் விழுதில் செய்த ஒரு குழலும்.

கேள்வி: நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. படிக்க ஒசாகா போகிறேன். கடையில் எதை நம்பி வாங்கலாம்?
(கோயம்புத்தூர் மாணவர்)

பதில்: கஷ்டம்தான் தம்பி, பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சிக்கல் இறைச்சியில் இல்லை, அது கண்ணுக்குத் தெரியும். தாஷி என்ற சாறுதான் சிக்கல். சூரை மீனைப் புகையில் உலர்த்திச் சீவிய கட்சுவோபுஷியில் எடுப்பது அது, நம் பக்கம் தூத்துக்குடியிலும் இலங்கையிலும் புழங்கும் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். வெறும் கீரைக் கூட்டு, பூசணிக்காய் அவியல், இனிப்பு டோஃபு பையில் அடைத்த இனாரி சோறு, மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப் எல்லாவற்றிலும் அது இருக்கும். கொம்பு என்ற கடற்பாசி வைத்த ஒனிகிரி சைவம் போலத் தெரியும், அதன் மசாலாவிலும் பெரும்பாலும் மீன் சாறு உண்டு. கறி பன் என்று விற்கும் பொரித்த ரொட்டிக்குள் இறைச்சி இருக்கும்.

ஒவ்வாமைக் குறிப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு மாதிரிச் சில பொருள்களைக் கட்டாயம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அந்தக் கட்டாயப் பட்டியலில் மீன் இல்லை. ஆகவே முட்டையைத் தவிர்ப்பது சுலபம், மீனைத் தவிர்க்க முழுச் சேர்மானப் பட்டியலையும் படிக்க வேண்டும். போன் கேமராவில் மொழிபெயர்க்கும் செயலியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் நல்ல மனதோடு மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள், அதனால் மீன், மீன் சாறு இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

வெறும் உப்புச் சோற்று உருண்டை, அவித்த பச்சை சோயா, வெறும் டோஃபு, பழம், பெரும்பாலும் உமெபோஷி என்ற உப்பு ஊறுகாய்ப் பழம் வைத்த உருண்டை (சிலவற்றில் மீன் சீவலும் கலப்பதால் அதையும் படித்துப் பார்க்க வேண்டும்) ஆகியவை கைகொடுக்கும். குளிர்காலத்தில் சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சூடான கற்களில் சுட்டு விற்பார்கள், அது முழு ராத்திரிச் சாப்பாடாகவே ஆகும். ஒரு விடுமுறையில் ஒசாகாவின் நாம்பா நிலையத்திலிருந்து நான்காய் நிறுவனத்தின் ரயிலில் கோயாசான் மலைக்குப் போய்வாருங்கள், அங்குள்ள புத்த மடங்களில் மீன் சாறுகூடப் படாத ஷோஜின் சாப்பாடு போடுகிறார்கள்.

கேள்வி: ராத்திரியில் பாதி விலைச் சீட்டு ஒட்டுவார்களாமே?
(சேலம் வாசகர்)

பதில்: சூப்பர் மார்க்கெட்டிலும் பெரிய அங்காடிகளின் கீழ்த்தளத்து உணவுக் கூடங்களிலும் ஒட்டுவார்கள். சாயங்காலம் 20 சதவீதம், பிறகு 30, மூடும் நேரம் நெருங்கும்போது பாதி. ஊழியர் சீட்டுக் கட்டோடு வந்தால் பக்கத்தில் ஒரு கூட்டம் அமைதியாகச் சேர்ந்து நிற்கும், அவர் ஒட்டி முடிக்கும்வரை யாரும் கை நீட்ட மாட்டார்கள். ஒன்று கவனியுங்கள்: கீழ்த்தளக் கூடங்களில் சாலட், கூட்டு வகைகளுக்குப் போட்டிருக்கும் விலை 100 கிராமுக்கு, முழுத் தட்டுக்கு இல்லை.

கொன்பினி கதை வேறு. கடைகளை எடுத்து நடத்துபவர்கள் விலையைக் குறைத்து விற்பதைத் தலைமை நிறுவனம் நீண்ட நாள் தடுத்தது, மீந்ததைத் தூக்கிப் போடும் நஷ்டம் கடைக்காரர் தலையில் விழுந்தது. 2009-ல் ஜப்பான் நியாய வணிக ஆணையம் செவன் இலெவன் ஜப்பானுக்கு இதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது, அதன் பிறகு கழிவு நஷ்டத்தில் 15 சதவீதத்தை நிறுவனம் ஏற்றது. எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை. எப்போது போனாலும் அலமாரி நிறைந்திருக்க வேண்டும் என்ற பழக்கத்துக்கு விலை கொடுப்பவர் அந்தச் சின்ன முதலாளியும் ராத்திரி வேலை பார்க்கும் வெளிநாட்டு மாணவர்களும்தான். 2022 நிதியாண்டில் சாப்பிடக்கூடியதாக இருந்தும் அந்த நாட்டில் வீணான உணவு 47 லட்சம் டன், அதில் பாதி வீடுகளில். உடனே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் அலமாரியின் முன்வரிசையிலிருந்து எடுங்கள் என்று இப்போது கடைகளில் அட்டை வைத்திருக்கிறார்கள், அதைத் தயவுசெய்து மதியுங்கள்.

கேள்வி: ரயிலில் சாப்பிடலாமா?
(மதுரை வாசகி)

பதில்: நெரிசலான நகர ரயிலில் வேண்டாம், ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் தாராளமாக. அதற்கென்றே எகிபென் என்ற நிலையப் பெட்டிகள் இருக்கின்றன. 1885-ல் உட்சுனோமியா நிலையத்தில் மூங்கில் தோலில் கட்டி விற்ற உமெபோஷிச் சோற்று உருண்டைகள்தான் முதல் எகிபென் என்று பரவலாகச் சொல்வார்கள். யோகோகவா நிலையத்தின் கமாமெஷி என்ற சட்டிச் சோறு 1958-லிருந்து மண் சட்டியில் வருகிறது, சட்டியை நீங்களே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடும் டோக்காய்டோ ஷின்கான்சென்னில் தள்ளுவண்டி விற்பனையை 2023 அக்டோபரோடு நிறுத்திவிட்டதால் ஏறும் முன்பே நிலையத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அங்கே அரிசிக்குத் தட்டுப்பாடு என்று படித்தேன். உண்மையா?
(தஞ்சாவூர் விவசாயி)

பதில்: உண்மை ஐயா. 2023 கோடை வெயிலில் நெல்லின் தரம் கெட்டது, 2024 ஆகஸ்டில் பெரிய நிலநடுக்கம் வரலாம் என்ற எச்சரிக்கையால் மக்கள் வாங்கிக் குவித்தார்கள், அலமாரிகள் காலியாயின. 5 கிலோ 2,000 யென் போல விற்ற அரிசி 2025 வசந்தத்தில் 4,000 யென்னைத் தாண்டியது. அரசாங்கம் கையிருப்பைத் திறந்துவிட்டது. அந்த நேரத்தில் "நான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் கொடுப்பார்கள்" என்று பேசிய விவசாய அமைச்சர் எடோ டாகு 2025 மே மாதம் பதவி விலக வேண்டியதாயிற்று. ஆனால் வேர் பழையது: சாப்பிடுவது குறைகிறது என்று 1970-களிலிருந்து பல பத்தாண்டுகள் நெல் பரப்பைக் குறைக்கச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள், உழுபவர்களுக்கும் வயதாகிவிட்டது. பெட்டியில் சோறு குறைந்ததும் விலை ஏறியதும் அங்கே வீட்டுக்கு வீடு பேச்சானது, நெல் விளைவிக்கும் நீங்கள் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன்.

கேள்வி: மொழி தெரியாமல் கல்லாவில் என்ன செய்வது?
(சென்னை வாசகர்)

பதில்: பெட்டியை வைத்ததும் "அத்தத்தமெமாஸ்கா" என்பார்கள், சூடாக்கட்டுமா என்று அர்த்தம். தலையாட்டினால் போதும், மைக்ரோவேவில் வைத்துத் தருவார்கள். பிளாஸ்டிக் பைக்கு 2020 ஜூலையிலிருந்து காசு, அதனால் பை வேண்டுமா என்றும் கேட்பார்கள். கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 10 சதவீதம், எடுத்துப் போனால் 8.