பங்குக் கிணறும் படலையும்: ஊரடங்கு நாள் கேள்வி பதில்

2021 ஓகஸ்ட் கடைசிக் கிழமை இது. கொரோனாவுக்காக 20ஆம் திகதி இரவு 10 மணிக்குத் தொடங்கிய தனிமைப்படுத்தல் ஊரடங்கு இன்னும் நீளும் போலத்தான் கிடக்கிறது. நான் யாழ்ப்பாண மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக (பிஎச்ஐ) இருந்து ஓய்வுபெற்றவன். வீட்டில் இருப்பது, தனிமைப்படுத்தல் சட்டம், கிணறு, மலசலகூடம், நுளம்பு, இவை பற்றிக் கேளுங்கள். எந்தக் குளிசை, எத்தனை நேரம் என்று கேட்காதீர்கள். அதற்கு வைத்தியர் இருக்கிறார். அரசியலும் வேண்டாம்.

திருநெல்வேலியில் இருந்து ஒருவர்: அம்மாவின் பிரஷர் மருந்து முடியப் போகிறது. மருந்துக்கடைக்குப் போகலாமா? சந்தியில் மறித்தால் எவ்வளவு தண்டம் கட்ட வேண்டும்?

மருந்துக்கடை அத்தியாவசிய சேவை. போகலாம். கிளினிக் கொப்பியையோ மருந்துத் துண்டையோ கையில் வைத்திருங்கள், ஒரு ஆள் மட்டும் போங்கள், கிட்ட இருக்கிற கடைக்குப் போங்கள். கொக்குவிலில் கடை இருக்க யாழ்ப்பாண ரவுணுக்குப் போனால் கேட்கத்தான் செய்வார்கள்.

தண்டம் பற்றி ஒரு விஷயம் வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சட்டம் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயில் பிளேக் கிளம்பியது 1896இல், இது அடுத்த வருடம் வந்தது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் 2,000 முதல் 10,000 ரூபா வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதை விதிப்பது நீதவான். சந்தியில் நின்று காசாக வாங்க எவருக்கும் அதிகாரம் இல்லை, பிஎச்ஐமாருக்கும் இல்லை. மாஸ்க்கும் ஒரு மீற்றர் இடைவெளியும் 2020 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்துவிட்டன. ஆகவே ‘இது வெறும் அறிவுரைதானே’ என்று சந்தியில் தர்க்கம் பண்ண வேண்டாம்.

மாஸ்க் என்றால் மூக்கையும் மூட வேண்டும். நாடிக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு திரிகிறவர்களைக் கண்டால் எனக்குச் சன்னதம் வரும்.

கொக்குவிலில் இருந்து ஒரு அம்மா: இவருக்கு பொசிட்டிவ். இலேசான காய்ச்சல், வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு அறை வீடு, மாமியோடு சேர்த்து ஏழு பேர். தனி அறை, தனிக் குளியலறை என்று ரிவியில் சொல்கிறார்கள். எங்களிடம் எங்கே இருக்கிறது?

அம்மா, இந்தக் கேள்விக்குத்தான் நான் இங்கே வந்து உட்கார்ந்தேன். ஊரடங்கு படலைக்கு வெளியே நடப்பதைத்தான் நிறுத்தும். படலைக்கு உள்ளே பரவுவதை நிறுத்துவது நீங்கள்தான். எத்தனையோ வீடுகளில் ஒருவர் கொண்டுவந்து எல்லோருக்கும் வந்தது சாப்பாட்டு மேசையிலும் ரிவிக்கு முன்னாலும்தான்.

முதலில் மாமியை நகர்த்துங்கள். வயதானவரையும் நோயாளியையும் வீட்டின் இரண்டு அந்தத்தில் வையுங்கள். விறாந்தை இருந்தால், மழை இல்லாத இந்த நாட்களில் ஆரோக்கியமானவர்கள் விறாந்தையில் படுக்கலாம். நோயாளிக்கு ஒரு அறையைக் கொடுத்து, அந்த அறையின் வீட்டுப் பக்கக் கதவைச் சாத்தி, வெளிப்பக்க யன்னலைத் திறந்து வையுங்கள். மின்விசிறி இருந்தால் அதன் முகம் யன்னலைப் பார்க்கட்டும், வீட்டுக்குள்ளே பார்க்கக் கூடாது. உள்ளே இருக்கிற காற்று வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் தத்துவம். ‘குளிர் பிடிக்கும்’ என்று மாமி சொல்லுவார். போர்வை கொடுங்கள், யன்னலைச் சாத்தாதீர்கள்.

சாப்பாட்டைக் கதவடியில் ஒரு கதிரையில் வைத்துவிட்டு வாருங்கள். கோப்பையைத் தனியாக ஒதுக்கிக் கொதிநீரில் போட்டு அவிக்கத் தேவையில்லை, சவர்க்காரம் போட்டுக் கழுவினால் காணும். இந்தக் கிருமியின் மேல்தோல் கொழுப்பாலானது, சவர்க்காரம் பட்டதும் குலைந்துவிடும். குளியலறை ஒன்றுதான் என்றால் அவர் கடைசியாகப் போகட்டும், போய்வந்த பிறகு கதவையும் யன்னலையும் திறந்து அரை மணித்தியாலம் விடுங்கள். உள்ளே போகிறவர் மாஸ்க், அவரும் மாஸ்க். பராமரிக்கிற ஆள் ஒருவராகவே இருக்கட்டும்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஒக்சிசனை அளக்கிற ஒக்சிமீற்றர் ஒன்று வாங்குங்கள், அல்லது ஒழுங்கையில் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். அவர் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். விரல் சூடாக இருக்க வேண்டும். நகத்தில் பூச்சோ மருதோன்றியோ இருக்கக் கூடாது. மாட்டியவுடன் வருகிற முதல் எண்ணை எழுதாதீர்கள், எண் ஓடி ஓடி ஒரு இடத்தில் நிற்கும், அதை எழுதுங்கள். 94க்குக் கீழே போனால், மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், ஆள் மயங்கிக் கதைத்தால், சுகாதார வைத்திய அதிகாரி (எம்ஓஎச்) அலுவலகம் திறக்கும் வரை பார்த்திருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம். ‘அவர் நல்லாத்தான் கதைக்கிறார்’ என்பதை நம்பாதீர்கள். இந்த வருத்தத்தில் ஒக்சிசன் இறங்கினாலும் சிலர் சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம், காய்ச்சல் எல்லாம் கொரோனா அல்ல. டெங்கு இந்த மாவட்டத்தை விட்டு எங்கும் போகவில்லை. காய்ச்சலுக்குப் பனடோல் தவிர வேறு நோக்குளிசை, குறிப்பாக டைக்குளோபினாக், வைத்தியர் சொல்லாமல் போட வேண்டாம்.

இணுவிலில் இருந்து: தொற்றாளரோடு பழகி அடுத்த நாள் அன்ரிஜன் சோதனை செய்தேன், நெகட்டிவ். இனி ஏன் 14 நாள் இருக்க வேண்டும்?

அடுத்த நாள் செய்தது வீண் சோதனை தம்பி. கிருமி உடம்பில் பெருகிக் கணக்குக்கு வர நாள் எடுக்கும். சிலருக்கு மூன்றாம் நாள், சிலருக்கு ஐந்தாம் ஆறாம் நாள், அபூர்வமாகப் பதினாலாம் நாள். 14 அங்கேயிருந்துதான் வந்தது. கடைசியாகப் பழகிய நாளில் இருந்து எண்ணுங்கள், வீட்டுக்குத் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டிய நாளில் இருந்து அல்ல.

கோண்டாவிலில் இருந்து: தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போகலாமா?

போகலாம், விவசாயத்துக்குத் தடை இல்லை. கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் எடுத்து வைத்தால் சந்தியில் வாக்குவாதம் மிச்சம்.

உடுவிலில் இருந்து ஒருவர்: எங்கள் கிணறு நாலு வீட்டுக்குப் பங்கு. ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அவர்கள் அங்கே வந்து அள்ளலாமா? மற்ற மூன்று வீட்டாரும் வேண்டாம் என்கிறோம்.

இந்த வருத்தம் கிணற்றுத் தண்ணீரால் பரவுவதில்லை. பரவினால் கிணற்றுக்கட்டில்தான் பரவும். நாலு பேர் கூடி நின்று, வாளியை வைத்துவிட்டு, மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு ஊர்க்கதை கதைக்கிற இடம் அது. ஆகவே நேரம் பிரியுங்கள். நோட்டீஸ் வீட்டுக்காரர் இரவு எல்லோரும் அள்ளி முடித்த பிறகு வரட்டும், மாஸ்க்கோடு, ஒரு ஆள். அவர்களுக்குத் தனி வாளி, தனிக் கயிறு. காலையில் முதலில் போகிறவர் கப்பியையும் கட்டையும் சவர்க்காரத் தண்ணீரால் ஒருக்கா துடைக்கட்டும். வேறொன்றும் வேண்டாம்.

மானிப்பாயில் இருந்து: தண்ணீரில் பரவாது என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்? மலத்திலும் கிருமி இருக்கிறதாமே?

மலத்தில் கிருமியின் துணுக்குகளைக் கண்டிருக்கிறார்கள். கழிவுநீரைச் சோதித்து ஊரில் தொற்று இருக்கிறதா என்று பார்க்கிற நாடுகளும் உண்டு. ஆனால் குடிதண்ணீரால் ஒருவருக்கு இந்த வருத்தம் வந்ததாகக் காட்டியவர் இல்லை. உங்கள் கிணற்றைப் பற்றிக் கவலைப்பட வேறு காரணம் இருக்கிறது. நம் நிலம் சுண்ணாம்புக்கல். மலசலகூடக் குழியில் இருந்து இறங்குவது கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் நேரே கிணற்றுக்கு வரும். தோட்டத்து உரத்தின் நைத்திரேற்றும் அப்படித்தான் வரும். கொரோனாவைத் தேடி எட்டிப் பார்க்கிற கிணற்றில் ஈகோலை என்ற மலக்கிருமி குடியிருக்கும். கொதிக்க வைத்துக் குடியுங்கள், கொரோனா இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கனடாவில் இருந்து: இந்தக் காலத்திலும் பங்குக் கிணறா? ஆளுக்கொரு குழாய்க்கிணறு அடிக்கலாமே.

காசு அனுப்புங்கள். எல்லோரும் அளவுக்கு மிஞ்சி இறைத்துக் கடல்தண்ணீர் உள்ளே ஏறினால் அதையும் நீங்களே வந்து குடியுங்கள்.

சுழிபுரத்தில் இருந்து: ஐயா, கிணற்றில் அள்ளாதே என்பது எங்கள் ஊர்களுக்குப் புதுசா? அந்த நோட்டீஸ் வீட்டார் ஆர் என்று உடுவில்காரரிடம் ஒருக்கால் கேளுங்கள்.

உடுவில்காரர்: இதற்குள் சாதியை இழுக்காதீர்கள். எங்கள் வீட்டில் எழுபது தாண்டியவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பயம்தான்.

மானிப்பாய்: அதுதானே. எல்லாவற்றுக்கும் சாதி, சாதி.

சுழிபுரம்: தடுப்பூசிக்கு ஒரே வரிசையில் நின்றபோது இந்தப் பயம் எங்கே போனது?

சரி, கொஞ்சம் நில்லுங்கள். உடுவில் ஐயா, உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருப்பதை நம்புகிறேன். உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று இங்கேயிருந்து பார்க்க எனக்கு ஏலாது. ஆனால் சுழிபுரத்துத் தம்பி கேட்டதைத் தட்டிவிடவும் மாட்டேன். சாதியைச் சொல்லி ஒதுக்குவதற்கு எதிராக 1957இலேயே சட்டம் வந்த நாடு இது. அதற்குப் பிறகும், ‘சுத்தம்’, ‘வருத்தம்’ என்று வேறு பெயரில் கிணற்றடியை மறித்த வீடுகளுக்கு நான் வேலைக்காகப் போயிருக்கிறேன். வயிற்றோட்டம் பரவிய காலத்தில் யாரைக் கையைக் காட்டினார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரே ஒரு பரீட்சைதான். அவர்கள் அள்ளக் கூடாது என்றால், யார் அள்ளிக் கொடுப்பது? ஒரு ஆளுக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, கழுவ நாளைக்கு 50 லீற்றராவது வேண்டும். ஐந்து பேர் வீட்டுக்கு 250 லீற்றர். 20 லீற்றர் வாளியில் பன்னிரண்டு பதின்மூன்று தரம். மூன்று வீட்டாரும் பிரித்து அள்ளிக்கொண்டுபோய்ப் படலையடியில் இருக்கிற பீப்பாவில் ஊற்றுவீர்களா? ஊற்றினால் அது பயம், அந்தப் பயத்துக்கு நான் மரியாதை கொடுப்பேன். ஊற்ற மாட்டோம், அள்ளவும் விட மாட்டோம் என்றால் அதற்கு வேறு பெயர். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்குத் தண்ணீரை மறிக்க எந்தச் சுற்றுநிருபமும் உங்களுக்கு அதிகாரம் தரவில்லை.

உடுவில்காரர்: எங்களிடம் மோட்டர் இருக்கிறது. குழாயை வேலிக்கு மேலால் விட்டால் அவர்களின் தொட்டிக்கு எட்டும். இரண்டு நேரம் அடித்து விடலாம். மற்ற இரண்டு வீட்டாரோடும் கதைத்துப் பார்க்கிறேன்.

கதையுங்கள். கரண்ட் காசுக்காகப் பிறகு சண்டை வராமல் அதையும் இப்போதே கதையுங்கள். பீப்பாவோ தொட்டியோ, மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் நுளம்பு.

சாவகச்சேரியில் இருந்து: பெரியப்பா வீட்டில் காலமாகிவிட்டார், கொரோனா இல்லை. செத்தவீட்டை எப்படிச் செய்வது?

ஆழ்ந்த அனுதாபம். கிராம அலுவலருக்கும் உங்கள் பகுதிப் பிஎச்ஐக்கும் உடனே அறிவியுங்கள், அவர்கள் சொல்லாமல் கிரியை தொடங்க வேண்டாம். எத்தனை பேர் நிற்கலாம் என்ற கணக்கு சுற்றுநிருபத்துக்குச் சுற்றுநிருபம் மாறுகிறது, அன்றைய கணக்கை அவர் சொல்லுவார். பந்தலைத் திறந்த வெளியில் போடுங்கள். தேநீரும் வெற்றிலைத் தட்டமும் வேண்டாம், அவை வந்தால் மாஸ்க் இறங்கும், ஆட்கள் குந்துவார்கள். கட்டிப்பிடித்து அழுவதை என்னால் தடுக்க முடியாது. ஆனால் கொழும்பில் இருந்து வந்தவரை முன்னுக்கு விடாதீர்கள். எட்டுச் செலவை வீட்டாரோடு முடியுங்கள். அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குக் கர்த்தாவும் இன்னும் ஓரிருவரும் போனால் கிரியை குறையாது, குருக்களைக் கேட்டுப் பாருங்கள்.

வல்வெட்டித்துறையில் இருந்து: கலியாணம் வைத்துவிட்டோம், வீட்டுக்குள்ளேயே சிறிதாக...

17ஆம் திகதி நள்ளிரவு முதல் வீட்டிலும் மண்டபத்திலும் தடை. சிறிதோ பெரிதோ. நாளை மாற்றுங்கள்.

நல்லூரில் இருந்து: வீட்டு வாசலில் நின்றபடி திருவிழாவைக் கும்பிடலாமா?

உங்கள் வாசல், உங்கள் முருகன். படலையைத் தாண்டாதீர்கள்.

சங்கானையில் இருந்து: மல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்தால் ஊசி தேவையில்லையாமே?

குடியுங்கள், தொண்டைக்கு இதம். ஊசியும் போடுங்கள்.

அச்சுவேலியில் இருந்து: மருந்துக்கடைக்குப் போகலாமா?

மேலே முதலாவது பதில்.

நவாலியில் இருந்து: மருந்து வாங்கப் போனால் எவ்வளவு தண்டம்?

மேலே. முதலாவது. அதே பதில்.

சுன்னாகத்தில் இருந்து: வீட்டில் அடைந்து கிடந்து விசர் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

வளவைச் சுற்றி ஒரு நடை நடவுங்கள், கையில் ஒரு கடகத்தோடு. சிரட்டை, யோகட் கோப்பை, பழைய ரயர், பூச்சாடியின் கீழ்த்தட்டு, கூரைப் பீலியில் அடைத்த இலை, தண்ணீர் நிற்கக்கூடிய எதுவும். முட்டையில் இருந்து நுளம்பு பறக்க ஒரு கிழமை பத்து நாள் காணும், ஆகவே கிழமைக்கு ஒரு தரம். ஐப்பசி மழைக்கு முன்னர் இதை முடித்தால் மார்கழியில் டெங்கு வார்ட்டுக்குப் போகிற ஆட்கள் குறைவார்கள். மனம் உண்மையாகவே சரியில்லை, நித்திரை இல்லை, சாகலாம் போல இருக்கிறது என்றால் பகிடி இல்லை, மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்கள்.

கொக்குவில் அம்மா: ஐயா, ஒக்சிமீற்றர் கிடைத்தது. 96 காட்டுகிறது. மாமி விறாந்தைக்கு வர மாட்டேன் என்கிறார்.

96 நல்லது. காலை, மத்தியானம், பின்னேரம், படுக்க முன், நேரத்தோடு சேர்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள், பிஎச்ஐ போன் எடுக்கும்போது வாசித்துக் காட்டலாம். மாமிக்குப் பிடித்த கதிரையையும் ரிவியையும் விறாந்தைக்கு மாற்றுங்கள். ஆள் தானாக வருவார்.