2 ஓம் எப்படிங்க வரும்?

கேள்வி: சார், எங்கிட்ட 12 இன்ச் சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) ரெண்டு இருக்கு, ரெண்டுமே டூயல் 4 ஓம் காயில், அதாவது ஒவ்வொண்ணுலயும் 4 ஓம் காயில் ரெண்டு. மோனோ ஆம்ப் (ஒரே சேனல் ஆம்ப்ளிஃபயர்) 2 ஓமுக்குக் கீழ போனா தாங்காதாம். எல்லாத்தையும் பேரலல்ல (பிளஸ் எல்லாம் ஒண்ணா, மைனஸ் எல்லாம் ஒண்ணா) போட்டேன், சவுண்டு ஏத்துனா ப்ரொடெக்ட் லைட் எரிஞ்சு ஆஃப் ஆயிடுது. 2 ஓம் கொண்டுவர என்ன பண்ணணும்?

பதில்: ஆஃப் ஆகத்தான் செய்யும், நாலு காயிலும் பேரலல்னா 4-ஐ 4-ஆல வகுத்து 1 ஓம்தான வருது, ஆம்ப் பாவம் என்ன பண்ணும். இந்த ரெண்டு சப்பையும் சமமா எப்படி மாத்தி மாத்தி கோத்தாலும் 1, 4, 16 இந்த மூணுதான் கிடைக்கும், 2 வரவே வராது. அதனால 4-க்குப் போங்க. ஒரு சப்புல முதல் காயிலோட மைனஸ்ல இருந்து அடுத்த காயிலோட பிளஸ்ஸுக்கு ஒரு சின்ன ஒயர், மிச்ச ரெண்டு முனை ஆம்புக்கு, அது 8 ஓம். இன்னொன்னும் அதே மாதிரி, ரெண்டையும் பேரலல் பண்ணா 4. பவர் குறையும்தான், ஆனா ஆம்ப் பிழைக்கும். 2 ஓம்தான் வேணும்னா டூயல் 2 ஓம் சப் ரெண்டு வாங்கி இதே மாதிரி போடணும். ஆம்ப்ல மாட்டுறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பாருங்க, 4-க்கு கொஞ்சம் கம்மியா 3.5 மாதிரி காட்டும், பயப்படாதீங்க, அது டிசி ரெசிஸ்டன்ஸ், அதாவது காயில் ஒயரோட வெறும் தடை.