சண்டையைக் கண்ட பிள்ளைகள் மறந்துவிடுவார்களா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

பல ஆண்டுகளாக என்னை அடித்துவந்த கணவர், குறுவை அறுவடையின்போது பிள்ளைகளின் கண்ணெதிரே தாக்கியதும், பாபநாசம் அருகிலுள்ள எங்கள் ஊரைவிட்டு மன்னார்குடியில் என் தாய்வீட்டுக்கு வந்துவிட்டேன். 6 வயது மகன் மீண்டும் படுக்கையை நனைக்கிறான். பாத்திரம் விழுந்தாலே நடுங்குகிறான். 10 வயது மகளோ அழுவதுமில்லை, எதையும் கேட்பதுமில்லை. தம்பிக்குச் சோறூட்டிவிட்டு என் முகத்தையே பார்த்திருக்கிறாள். அந்தப் பேச்சை எடுக்காவிட்டால் மறந்துவிடுவார்கள் என்கிறார் அம்மா. பிள்ளைகளுக்காகவாவது பொங்கலுக்குப் பின் திரும்பிப் போ என்கிறார்கள் உறவினர்கள். நான் என்ன செய்யட்டும்?

— ஒரு தாய்

அன்புச் சகோதரிக்கு,

பிள்ளைகளை அங்கிருந்து அழைத்து வந்தீர்களே, அவர்கள் தேறுவதற்கு முதலில் வேண்டியது அதுதான். அடி தொடரும் வீட்டில் எந்த ஆலோசனையும் பலிக்காது.

பேசாமலிருந்தால் மறப்பார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. பெரியவர்கள் விளக்கம் சொல்லாதபோது, தான் செய்த குறும்பினால்தான் சண்டை வந்தது என்று சிறு பிள்ளைகள் தாங்களாகவே முடிவுகட்டிக்கொள்வது மிகவும் வழக்கம். ஆகவே இருவரையும் அருகில் அமர்த்தி, “அப்பா என்னை அடித்தது தவறு, அது உங்களால் நடக்கவில்லை, அதைத் தடுப்பது உங்கள் வேலையும் இல்லை” என்று எளிய சொற்களில் கூறுங்கள். அவர்கள் பதில் பேசாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். வேறொரு நாள் அவர்களே கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். அப்பாவை வெறுக்கும்படி தூண்டாதீர்கள். அவரை நினைத்து ஏங்கினாலும் கடிந்துகொள்ளாதீர்கள்.

மகன் படுக்கையை நனைப்பது பிடிவாதமன்று. ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்றே அவன் உடல் எண்ணுகிறது. திட்டாமல் விரிப்பை மாற்றுங்கள். உணவு, பள்ளி, உறக்கம் ஆகியவை நாள்தோறும் ஒரே நேரத்தில் நடந்தால் அந்த அச்சம் மெல்லத் தணியும்.

எனக்கு அதிகக் கவலை தருபவள் மகள்தான். பொறுப்பான பிள்ளை என்று எல்லோரும் பாராட்டக்கூடும். ஆனால் அவள் உங்களுக்குக் காவல் இருக்கிறாள். தம்பியைக் கவனிக்கும் வேலையை அம்மாச்சியிடம் கொடுத்துவிட்டு அவளை விளையாட அனுப்புங்கள். நம்பிக்கையான ஓர் ஆசிரியையிடம் மட்டும் நிலைமையைச் சொல்லி வையுங்கள். இந்த அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இருவரையும் அழைத்துச் செல்லுங்கள். சாக விரும்புவதாக யாராவது சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும்.

திரும்பிச் செல்வது குறித்து உறவினர் சொல்லும் காரணம் தலைகீழானது. பிள்ளைகளுக்காகத்தான் நீங்கள் அவசரப்படக் கூடாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பாதுகாப்பு ஆணையுடன் பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் வைத்திருக்கும் ஆணையையும் நீதிமன்றத்தில் கோரலாம். மாவட்டச் சமூக நல அலுவலகமும் 181 மகளிர் உதவி எண்ணும் வழிகாட்டும். பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1098ஐ அழையுங்கள். சமரசப் பேச்சு எங்கு நடந்தாலும் பிள்ளைகளின் காதில் விழாதபடி நடக்கட்டும். யாரோடு இருக்க விருப்பம் என்று சபையில் நிறுத்தி அவர்களைக் கேட்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.