திசு வளர்ப்பால் சீனித்துளசியில் மரபணு வேறுபாட்டைக் கூட்ட முடியுமா?

திசு வளர்ப்பு என்றாலே அச்சு அசலாக ஒரே மாதிரிச் செடிகள்தானே வரும், அதில் வேறுபாடு எப்படிக் கூடும்? நியாயமான சந்தேகம்.

செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத குடுவையில், சத்துக்கூழின் மேல் வைத்து முழுச் செடியாக வளர்ப்பதே திசு வளர்ப்பு. மொட்டை வைத்தால் பெரும்பாலும் தாய்ச்செடியின் நகல்தான் வரும். இலைத் துண்டுக்கு ஹார்மோன் கொடுத்து, முதலில் உருவமற்ற செல் திரளாக வளரவிட்டால் நிலைமை வேறு. அந்தத் திரளில் செல்கள் வேகமாகப் பெருகும்போது குரோமோசோம்களிலும் மரபணுக்களிலும் பிழைகள் விழும். சில மரபணுக்கள் விழிக்கும், சில உறங்கிப்போகும். ஒரு கடிதத்தை நூறு பேர் அவசரமாகக் கையால் நகலெடுத்தால் அங்கங்கே எழுத்து மாறுமே, அப்படி. 1981-இல் லார்கின், ஸ்கவுகிராஃப்ட் என்ற இரு விஞ்ஞானிகள் இதற்கு 'சோமாகுளோனல் வேறுபாடு' என்று பெயர் வைத்தார்கள்.

சரி, இனிப்பான இலைக்காக வளர்க்கப்படும் ஸ்டீவியா எனும் சீனித்துளசிக்கு இது எதற்கு? அதன் விதை சரியாக முளைப்பதில்லை. தண்டை வெட்டி நட்டே பெருக்குவதால் வயல் முழுக்க ஒரே செடியின் நகல்களாகிவிடுகின்றன. ஒரு நோய் வந்தால் மொத்தமும் சாயலாம். திசு வளர்ப்பில் மாறிய செடிகளில், கசப்பு குறைந்த இனிப்புப் பொருளான ரெபாடியோசைடு ஏ அதிகமுள்ளவற்றைத் தேடலாம். குடுவையிலேயே கோல்சிசின் எனும் வேதிப்பொருளைக் கொடுத்து 22 குரோமோசோம்களை 44 ஆக்குவதும் உண்டு. இலை பெரிதாக, தடிப்பாக வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் பெரும்பாலான மாற்றங்கள் உதவாதவை. திரும்பத் திரும்ப நட்டுப் பார்த்து, பொறுமையாகச் சலித்தெடுப்பதுதான் உண்மையான வேலை.

அப்புறம், பலர் இதை மரபணு மாற்றுப் பயிர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே வெளியிலிருந்து எந்த மரபணுவும் செருகப்படுவதில்லை.