சுடுமண் ஜிமிக்கிக்கு என்ன விலை வைப்பது?

கேள்வி: வீட்டிலேயே சுடுமண் நகைகள் செய்து வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக விற்கத் தொடங்கியிருக்கிறேன். பொருள் செலவைப் போல இரண்டு மடங்கு விலை வைத்தால் போதும் என்று சொல்கிறார்கள். அது சரிதானா?

சரியில்லை. வெள்ளியிலோ பட்டிலோ வேலை செய்பவர்களுக்கு மூலப்பொருளே பெரிய செலவு என்பதால், அந்தக் கணக்கு அவர்களுக்கு ஓரளவு ஒத்துவரலாம். நம் கைக்கு வருவதோ களிமண். ஒரு ஜோடி ஜிமிக்கிக்குத் தேவையான மண்ணின் விலை சில ரூபாயைத் தாண்டாது. அதை இரண்டால் பெருக்கினாலும் ஐந்தால் பெருக்கினாலும் உங்கள் உழைப்புக்கு அதில் இடமே வராது. நானும் கோவையில் இதே தொழிலைச் செய்து விற்பவள் என்பதால், நான் போடும் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் வேலையைப் பார்ப்போம். மண்ணைச் சலித்து, காற்றுக் குமிழி இல்லாமல் பிசைந்து, இரண்டு உருண்டைகளையும் ஒரே எடைக்கு நிறுத்துக்கொண்டால்தான் ஜோடியில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் ஆகாமல் இருக்கும். குடை வடிவம் வந்தபின் அதன் விளிம்பைச் சுற்றிக் கடுகளவு மண் மணிகளை ஒவ்வொன்றாக உருட்டி, கரைத்த மண்ணைத் தூரிகையால் தொட்டு ஒட்ட வேண்டும். இந்த மணி வரிசைக்கு ஆகும் நேரம் பெரும்பாலும் மற்ற வேலைகள் எல்லாவற்றுக்கும் ஆவதைவிட அதிகம். மண் காயும்போது சுருங்கும் என்பதால், கம்பி நுழையும் துளையைத் தேவைக்குச் சற்றுப் பெரிதாகவே குத்தி வைக்கிறோம். வெயிலில் வைத்தால் மேற்பரப்பு மட்டும் முதலில் காய்ந்து விரிசல் விடும். எனவே நிழலில், பொறுமையாகச் சில நாள்கள் உலர விட வேண்டும். அதன்பிறகும் உள்ளே ஈரம் மிச்சமிருந்தால், சூளையில் அது நீராவியாகி நகையையே வெடிக்கச் செய்துவிடும். வறட்டியும் உமியும் போட்டுச் சுடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு: காற்றோட்டம் குறைந்த இடத்தில் புகைபிடித்த துண்டுகள் கறுத்துவிடும், நன்றாகக் காற்றுப் பட்டவை செங்கல் நிறத்தில் வரும். ஒரே ஜோடியில் இரண்டு நிறம் வந்துவிட்டால், வண்ணம் பூசி மறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். மண், அக்ரிலிக் வண்ணம், வார்னிஷ், கொக்கி, அட்டைப் பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு ஜோடிக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்வேலைக்கு 40 நிமிடம், வண்ணத்துக்கு 30 நிமிடம், கொக்கி மாட்டுவது, படம் எடுப்பது, வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்புவது, பொதி கட்டுவது ஆகியவற்றுக்கு 20 நிமிடம். ஆக ஒன்றரை மணி நேரம். மணிக்கு 100 ரூபாய் என்று மிக எளிமையாகக் கூலி போட்டாலும் 150 ரூபாய். பத்து ஜோடி சுட்டால் இரண்டு தேறாது என்று வைத்தால், வீணான இரண்டின் மண்ணும் மண்வேலையும் சேர்த்து 140 ரூபாய் வரும். அதை மீதமுள்ள எட்டு ஜோடிகள்தாம் சுமக்க வேண்டும் என்பதால், ஒன்றுக்கு ஏறத்தாழ 18 ரூபாய். மொத்தம் 208. கருவிகளின் தேய்மானம், விற்காமல் தங்கும் சரக்கு, கொஞ்சம் லாபம் எல்லாவற்றுக்குமாக இருபது விழுக்காடு சேர்த்தால் 250 ரூபாய் ஆகிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கின்படி விலை 80 ரூபாய்தான்! அந்த விலைக்கு விற்றால் பொருள் செலவு போக 40 ரூபாய் மிஞ்சும். ஒன்றரை மணி நேர உழைப்புக்கு அதுதான் கூலி.

இந்த 250-ம் உங்களிடம் நேரடியாக வாங்குபவருக்கு மட்டுமே பொருந்தும் விலை. நாளை ஒரு துணிக்கடைக்காரர் உங்கள் நகைகளைத் தம் கடையில் வைத்து விற்க முன்வந்து, விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தம் கமிஷனாகக் கேட்டால், உங்கள் கைக்கு வருவது 167 ரூபாய். அடக்க விலைக்கே 41 ரூபாய் துண்டு விழும். அப்போது விலையை ஏற்றினால், ஏற்கெனவே வாங்கியவர்கள் கேள்வி கேட்பார்கள். கடைகளுக்குக் கொடுக்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், தொடக்கத்திலேயே 325 என்று வைத்து, எல்லா இடத்திலும் அதே விலைக்கு விற்பதுதான் என் வழக்கம். இணையச் சந்தைகளுக்கும் இது பொருந்தும். கைவினைப் பொருள்களுக்கென்றே 2005-ல் தொடங்கப்பட்ட எட்சி தளம், விற்பனைக் கட்டணத்தை 5 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக 2022 ஏப்ரலில் உயர்த்தியபோது, விற்பனையாளர்கள் பலர் தங்கள் இணையக் கடைகளை ஒரு வாரம் மூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனாலும் அந்த உயர்வு கைவிடப்படவில்லை. பிறர் கையில் உள்ள கட்டணம் எப்போது வேண்டுமானாலும் ஏறும் என்று எதிர்பார்த்தே நம் விலையில் இடைவெளி விட வேண்டியிருக்கிறது.

அச்சில் அழுத்தி எடுத்ததை 100 ரூபாய்க்கு விற்பவர்கள் இருக்கும்போது 325 கொடுத்து யார் வாங்குவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அச்சால் செய்ய முடியாததைச் செய்தால் வாங்குவார்கள். என் விற்பனையில் பெரும்பகுதி, வாடிக்கையாளரின் புடவைக்கு ஏற்ற நிறத்தில் செய்து கொடுப்பவைதாம். புடவையின் உடலையும் கரையையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தை நம்பினால், மயில்கழுத்து நிறம் வெறும் நீலமாகத் தெரியும். இத்தகைய வேலைக்குப் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்காமல் மண்ணைத் தொடாதீர்கள். கீழடியில் சுடுமண் அணிகலன்கள் கிடைத்ததைச் சொல்லி விற்பதில் தவறில்லை, ஆனால் அந்தப் பெருமைக்காக ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வரியைப் பற்றி இப்போதே அஞ்ச வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவர்களுக்கு, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது விதி வேறு என்பதால், அதற்கு முன் ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறவினர்கள் கேட்கும் தள்ளுபடிக்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். விலையைக் குறைப்பதில்லை, ஆரம், ஜிமிக்கி என்று முழு செட்டாக வாங்கினால் ஒரு சிறிய தோட்டைச் சேர்த்துக் கொடுப்பேன். பொதி கைக்கு வந்தபின் கொரியர்காரரிடம் பணம் கொடுக்கும் முறையை மட்டும் யாருக்கும் அனுமதிப்பதில்லை, ஏனெனில் பொதியை வாங்க மறுத்துவிட்டால் போகவும் வரவும் ஆகும் செலவு நம் தலையில்தான் விழும்; திரும்பி வரும் பெட்டிக்குள் ஜிமிக்கி முழுசாக இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.