பழைய தியேட்டரைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: வேலூர் கடைத்தெருவில் பூட்டிக் கிடக்கும் பழைய தியேட்டரை இடிக்கப்போவதாகப் பேச்சு. தெருக்காரர்கள் சேர்ந்து தடுக்க முடியுமா? – வாசகி, சைதாப்பேட்டை, வேலூர்

பதில்: முடியும் அம்மா. நான் குடியாத்தத்தில் பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்து வளர்ந்தவன். உங்கள் கடிதம் என்னை உலுக்கிவிட்டது. முதலில் நாலு பெரியவர்களோடு உரிமையாளர் வீட்டுக்குப் போங்கள். அவர் மனம் வைக்காமல் எதுவும் நடக்காது.

அமெரிக்காவின் அட்லாண்டாவில், 1929-இல் திறந்த ஃபாக்ஸ் தியேட்டரை 1970-களில் இடிக்க இருந்தார்கள். ஊர்க்காரர்கள் அமைப்பு தொடங்கி, நிதி திரட்டி, கட்டடத்தையே வாங்கினார்கள். இன்றும் அங்கே நிகழ்ச்சிகள் நடக்கின்றன. சென்னை அண்ணா சாலையில் 1913-இல் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடமோ அஞ்சல் துறையிடம் போனதால் பிழைத்தது. ஆகவே படம்தான் ஓட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். நாடகம், கச்சேரி, நூலகம் எதுவானாலும் சரி.

படமே காட்டுவதென்றால் கலெக்டரிடம் ‘சி’ படிவ உரிமம் வேண்டும். கட்டட உறுதி, மின்சாரம், தீயணைப்புச் சான்றுகளும் கேட்பார்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: சுவர் சுண்ணாம்புக் காரையாக இருந்தால் அதன்மேல் சிமென்ட் பூச விடாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரை உள்ளுக்குள் அரித்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் கூரை ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்.